வரிசையை எண்ணிப் பரிமாணம் கண்டுபிடிப்பது எப்படி?

காலவெளி (காலமும் இடமும் சேர்ந்தது) என்பது தனித்தனி நிகழ்வுகளின் தொகுப்பு என்று வைத்துக்கொள்வோம். தூரம் கிடையாது, கோணம் கிடையாது. எது எதற்கு முந்தியது என்ற உறவு, அதாவது வரிசை, மட்டுமே உண்டு. 1987இல் பொம்பெல்லி, லீ, மேயர், சார்க்கின் ஆகிய நான்கு இயற்பியலாளர்கள் முன்வைத்த காரணக் கணம் இதுதான். இவ்வளவு கொஞ்சத்தை வைத்தே அது எத்தனை பரிமாண உலகம் என்று கணிக்கலாம் என்பது எனக்கு இன்னும் தீராத வியப்பு.

முதலில் கையால் செய்து பாருங்கள். ஒரு சதுரம் வரைந்து, இடமிருந்து வலமாக ஆறு புள்ளிகளை 3, 5, 1, 6, 2, 4 என்ற உயரங்களில் வையுங்கள். ஒரு புள்ளிக்கு வலப்பக்கமும் மேலேயும் இருப்பது அதற்குப் பிந்தியது. (காலம், இடம் இரண்டின் கூட்டலும் கழித்தலும்தான் இங்கே அச்சுகள். அதனால் இந்தச் சதுரம் ஒரு தொடக்க நிகழ்வுக்கும் முடிவு நிகழ்வுக்கும் இடைப்பட்ட பகுதி.)

அடுத்து, உறவுள்ள ஜோடிகளை எண்ணுங்கள். 3க்குப் பின் 5, 6, 4. 5க்குப் பின் 6. 1க்குப் பின் 6, 2, 4. 2க்குப் பின் 4. மொத்தம் 8. எல்லா ஜோடிகளும் 15. விகிதம் 0.53.

இப்போது ஒப்பிடுங்கள். வளைவில்லாத காலவெளியின் இடைப்பகுதியில் புள்ளிகளைச் சீரற்றுத் தூவினால், இந்த விகிதத்தின் சராசரி இரண்டு பரிமாணத்தில் 1/2, மூன்றில் 8/35, நான்கில் 1/10. இது மிர்ஹைம், மேயர் இருவர் பெயரால் வழங்கும் முறை. நமக்குக் கிடைத்தது இரண்டுக்கு அருகில். சரி, ஆறு புள்ளி போதாது; கணினியில் சில நூறு தூவினால் விடை நிலைக்கும். வளைந்த காலவெளி என்றால் சிறிய இடைப்பகுதிகளாக எடுங்கள்.

ஆனால் எந்த வரிசையைக் கொடுத்தாலும் ஓர் எண் வந்துவிடும், அதை அப்படியே நம்பக்கூடாது. மூன்றே அடுக்குகள், நடு அடுக்கில் பாதிப் புள்ளிகள், அடுத்தடுத்த அடுக்குகளில் பாதி ஜோடிகளுக்கு உறவு, அடி அடுக்குக்கும் மேல் அடுக்குக்கும் இடையே ஏறக்குறைய எல்லா ஜோடிகளுக்கும் உறவு: பெரிய வரிசைகளில் ஏறக்குறைய எல்லாமே இந்த வடிவம்தான். அதற்கு விகிதம் 3/8, பரிமாணம் சுமார் 2.4.

அப்புறம் நடுப்புள்ளி முறையிலும் சோதியுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு சிறு பகுதிகள் உண்டு: தொடக்கத்திலிருந்து அதுவரை, அதிலிருந்து முடிவுவரை. இரண்டில் சிறியது மிகப் பெரிதாக வரும் புள்ளியைத் தேர்ந்தெடுங்கள். மொத்தம் 1024 புள்ளிகள், அந்தச் சிறிய பகுதியில் 64 என்றால் 16 மடங்கு; 16 என்பது 2இன் நான்காம் அடுக்கு, பரிமாணம் 4. மூன்றடுக்கு வரிசைக்கு இது 8 மடங்கு, அதாவது 3. ஒன்று 2.4 என்கிறது, மற்றொன்று 3. அது காலவெளியே அல்ல.