உழவு இயந்திரத்தின் வேகமும் மண்ணின் இறுக்கமும்

மழை விட்ட இடைவெளியில் உழவு இயந்திரம் கிடைத்தவுடன், அதை எந்த வேகத்தில் ஓட்டினால் மண் குறைவாக இறுகும் என்று கேட்கும் கமக்காரருக்காக இது எழுதப்படுகிறது.

பின்சில்லின் ரயர் நிலத்தைத் தொடும் நீளம் அரை மீற்றர் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 2 கிலோமீற்றர் வேகத்தில் அது ஓர் இடத்தை ஏறக்குறைய 0.9 செக்கன் அழுத்துகிறது. 6 கிலோமீற்றர் வேகத்தில் 0.3 செக்கன்தான் அழுத்துகிறது. ஈரமண்ணின் துளைகளிலுள்ள காற்றும் நீரும் வெளியேறுவதற்கு நேரம் தேவை என்பதால், சுமையும் ரயரின் காற்றமுக்கமும் மாறாதவிடத்துச் சற்று விரைவாகச் செல்லும் சில்லு மண்ணைச் சற்றுக் குறைவாகவே இறுக்கும். ஆயினும் இந்த நன்மை பெரும்பாலும் மேல்மண்ணுக்கு உரியது. ஆழத்தில் ஏற்படும் இறுக்கத்தை அச்சில் ஏறும் சுமையே தீர்மானிக்கிறது. அதை எந்த வேகத்தாலும் ஈடுசெய்ய முடியாது.

ஆகவே முதலில் பார்க்கவேண்டியது ஈரத்தையே. 15 சென்ரிமீற்றர் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கைகளுக்கு இடையே உருட்ட வேண்டும். 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள திரியாக உடையாமல் அது உருண்டால், அன்று இயந்திரத்தை இறக்கக்கூடாது. யாழ்ப்பாணத்தின் உரும்பிராய், கோப்பாய்ப் பக்கத்துச் செம்மண் விரைவில் நீர் வடியும் மண். களிப்பாங்கான வயல்நிலத்துக்குக் கூடுதலான நாட்கள் காத்திருக்க வேண்டும். சுண்ணக்கல்லின் மேல் ஆழமின்றிக் கிடக்கும் செம்மண்ணில் வெங்காயத்தின் மேலோட்டமான வேர்கள் இறுகிய படையில் முட்டினால், அவற்றுக்குப் போக வேறிடம் இல்லை.

வேகத்தை அறிய, வயலில் 20 மீற்றர் அளந்து இரு தடிகளை நட்டு, அந்தத் தூரத்தைக் கடக்கும் நேரத்தைக் கணிக்கலாம்: 18 செக்கன் எடுத்தால் மணிக்கு 4 கிலோமீற்றர், 12 செக்கன் எடுத்தால் 6 கிலோமீற்றர். ரொட்டவேற்றர் (மண்ணைக் கிளறி உடைக்கும் சுழல்கலப்பை) பூட்டியிருந்தால், கட்டிகள் ஒரே ஓட்டத்தில் உடையும் அளவுக்கு மேல் விரைவுபடுத்தக்கூடாது. உழவு சரிவராமல் அதே தடத்தில் இரண்டாம் முறை ஓடினால், வேகத்தால் கிடைத்த சிறு நன்மையும் போய்விடும். வரம்பைக் கடக்கும்போது நிச்சயமாக மெதுவாகவே செல்ல வேண்டும். துள்ளி விழும் சில்லு தன் வழக்கமான சுமையிலும் கூடுதலாக மண்ணை இடிக்கிறது.

இயந்திரத்தின் வேகமும் சில்லின் வேகமும் ஒன்றல்ல என்பதை ஓட்டுநருக்கு வற்புறுத்திச் சொல்ல வேண்டும். ரயரில் சுண்ணாம்பால் ஓர் அடையாளமிட்டு, கலப்பையைத் தூக்கியபடி 10 சுற்றில் செல்லும் தூரத்தையும் உழும்போது 10 சுற்றில் செல்லும் தூரத்தையும் அளந்து பாருங்கள். முன்னது 40 மீற்றராகவும் பின்னது 34 மீற்றராகவும் இருந்தால் வழுக்கல், அதாவது சில்லு முன்னேறாமல் வீணே சுழலும் அளவு, 15 சதவீதம். அதற்கு மேற்பட்டால், சில்லு மண்ணை அழுத்துவதோடு நில்லாமல் அரைத்துப் பூசி, துளைகளை அடைத்துவிடுகிறது. அந்நேரத்தில் விசையைக் கூட்டாமல் உழவின் ஆழத்தைக் குறைக்க வேண்டும்.

காற்றமுக்கத்தைக் குறைப்பது மேல்மண்ணுக்கு மிக நல்லது. ஆனால் குறைந்த அமுக்கம் வயலின் மெதுவான ஓட்டத்துக்கே பொருந்தும். ரயர் தயாரிப்பாளரின் அட்டவணையில் ஒவ்வொரு வேகத்துக்கும் தரப்பட்டுள்ள அளவைப் பார்த்து, தெருவுக்கு ஏறுமுன், குறிப்பாகப் பின்னால் இழுத்துச் செல்லும் பெட்டி பூட்டியிருந்தால், மறுபடி காற்றடிக்க வேண்டும். காலபோக அறுவடையில் நெல்லேற்றும் பெட்டியை வயலுக்குள் இறக்காமல் ஓரத்திலேயே நிறுத்தி, அறுவடை இயந்திரத்தின் தொட்டி நிரம்பிச் சுமை கூடும் முன்பே நெல்லைப் பெட்டியில் கொட்டச் செய்யுங்கள்.