டெபோசிஷனுக்கு வந்த கோர்ட் ரிப்போர்ட்டர் தகுதியற்றவர்: சரிசெய்த விதம்

அமெரிக்க ஃபெடரல் சிவில் வழக்கு ஒன்றில், டெபோசிஷனுக்கு (நீதிமன்றத்துக்கு வெளியே சாட்சியிடம் சத்தியப்பிரமாணத்தோடு வாக்குமூலம் வாங்குவது) வரவிருந்த ரிப்போர்ட்டர் (சத்தியப்பிரமாணம் செய்துவைத்து, பேசுவதை அப்படியே பதிவு செய்பவர்) எதிர்த்தரப்பு வக்கீலின் நெருங்கிய உறவினர் எனத் தெரிந்தது. ஃபெடரல் சிவில் நடைமுறை விதிகளில் விதி 28(சி) இதைத் தடுக்கிறது. ரிப்போர்ட்டர், வழக்கின் கட்சிக்காரருக்கோ அந்தக் கட்சிக்காரரின் வக்கீலுக்கோ உறவினராகவோ ஊழியராகவோ இருக்கக் கூடாது. வழக்கில் பண ஆதாயமும் கூடாது.

முக்கியமானது நேரம். விதி 32(டி)(2)-இன்படி, டெபோசிஷன் தொடங்கும் முன்பே ஆட்சேபிக்க வேண்டும். காரணம் பிறகு தெரியவந்தால், தெரிந்த உடனே. நியாயமான கவனத்தோடு விசாரித்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும் என்றாலும், தாமதித்தால் ஆட்சேபிக்கும் உரிமை போய்விடும். அதனால் ரிப்போர்ட்டர் பெயரை முன்கூட்டியே கேட்டு வாங்கினேன். ஆட்சேபத்தை எழுத்தில் அனுப்பினேன். வேறு ரிப்போர்ட்டர் வந்தார்.

வீடியோ வழி டெபோசிஷனில் சிக்கல் வேறு. விதி 30(பி)(4)-இன்படி, சாட்சி எங்கிருந்து பதில் சொல்கிறாரோ அதுவே டெபோசிஷன் நடக்கும் இடம். ரிப்போர்ட்டர் வேறு மாநிலத்து நோட்டரி என்றால், சாட்சி இருக்கும் இடத்தில் சத்தியப்பிரமாணம் செய்துவைக்க அவருக்கு அதிகாரம் உண்டா என்ற கேள்வி வரும். இதற்கு விதி 29 உதவும். இன்னார் முன் டெபோசிஷன் எடுக்கலாம் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் போதும். அதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், தொடக்கத்திலேயே பதிவிலும் வாசியுங்கள். வாய்ப்பேச்சை மட்டும் நம்பினால், பிறகு டிரான்ஸ்கிரிப்ட் (வாக்குமூலத்தின் எழுத்துப் பதிவு) செல்லுமா என்று வாதாட நேரும்.

பதிவின் தொடக்கத்தில் ரிப்போர்ட்டர் தன் பெயரையும் அலுவலக முகவரியையும் சொல்கிறாரா என்றும் கவனியுங்கள்.

மாநில நீதிமன்ற விதிகள் வேறு. ரிப்போர்ட்டருக்கு உரிமம் கட்டாயமான மாநிலங்களும் உண்டு.