நாய்க்குட்டிக்கு முட்டைக் கோது
முட்டைக் கோதை வீசாதீர்கள். பத்து நிமிடம் அவித்து, நன்றாகக் காயவைத்து, உரலில் மா போல இடித்துச் சலித்து, நாய்க்குட்டியின் சோற்றில் கலந்துவிடுங்கள். எலும்பில்லாத இறைச்சி அரைக் கிலோவுக்கு அரைத் தேக்கரண்டி போதும். சோற்றிலும் இறைச்சியிலும் கல்சியம் மிகக் குறைவு, கோதிலோ கல்சியம் நிறைய இருக்கிறது. சமைத்த கோழி எலும்பு மாதிரி கூராக உடைந்து குடலில் குத்தவும் செய்யாது. கொத்துரொட்டிக் கடையில் கேட்டால் கோது சும்மாவே கிடைக்கும். நுவரெலியாப் பக்கத்து வெயிலை மட்டும் நம்பவேண்டாம், அடுப்புக்கு மேலே காயவையுங்கள்.

பைக்கற்றில் வரும் குட்டி உணவு கொடுப்பவர்களுக்கு இது வேண்டாம், அதிலேயே கல்சியம் இருக்கிறது. பெரிய இனக் குட்டிகளுக்கு அளவு மிஞ்சினால் எலும்பு வளர்ச்சியே கெட்டுவிடும். மிருக வைத்தியரிடம் கேட்டுக் கொடுங்கள்.