செம்மண் காட்டில் கத்திய டிடெக்டர்

கரூர்ப் பக்கம் எங்கள் தாத்தா காலத்துச் செம்மண் காட்டில் மெட்டல் டிடெக்டரை எங்கே வைத்தாலும் கத்தியது. மண்ணிலேயே இரும்பு இருக்கிறதே! உலோகம் இல்லாத இடமாகப் பார்த்து, டிடெக்டரின் அடியில் இருக்கும் வட்டத் தலையை (காயில்) தரைக்கு மேலே ஏற்றி இறக்கி, சத்தம் அடங்கும்வரை கிரவுண்ட் பேலன்ஸ், அதாவது மண்ணுக்கே கத்தாதபடி சரிசெய்யும் செட்டிங், வைத்தேன். அப்படியும் கிணற்றடியில் விட்டு விட்டு இரைச்சல். மோட்டாரை நிறுத்தி, சென்சிட்டிவிட்டியைக் குறைத்ததும் நின்றது. இரும்பை ஒதுக்கும் செட்டிங்கை முழுசாக ஏற்றிவிடாதீர்கள், ஆணியோடு பக்கத்தில் கிடக்கும் காசும் போய்விடும்.

பழைய களத்துமேட்டில் முதலில் வந்தது மாட்டு லாடம், தேய்ந்த ஏர்க்கொழு. பிறகு, நடுவில் ஓட்டை போட்ட 1944ஆம் வருசக் காலணா, பச்சைக் களிம்போடு. தேய்க்காமல் தண்ணீரில் அலசியதோடு சரி.

பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால், 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும், சொந்த நிலமாகவே இருந்தாலும்.