புண்ணுக்கு வீட்டிலேயே மருந்து கட்டுவதற்குத் தாதியை அழைக்கிறீர்களா?

செருப்புக் கடித்த சின்னக் கொப்புளம்தான் அம்மாவின் பாதத்தில் புண்ணானது. சலரோகம், அதாவது நீரிழிவு, நாட்பட்டால் பாதத்தில் உணர்ச்சி குறையும். நோகாதபடியால் ஒரு கிழமையாக அவர் எங்களிடம் சொல்லவேயில்லை. ஆஸ்பத்திரியால் வந்த பிறகு, யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலிலிருந்து நாள்விட்டு நாள் ஓட்டோவில் ஏறி இறங்க அவருக்கு ஏலவில்லை. அதனால் தாதி ஒருவரை வீட்டுக்கு அழைத்தோம். முதல் தடவை அழைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் போனிலேயே பேசிவிடுங்கள். பதிவு பெற்ற தாதியா, ஒரு தடவைக்கு எவ்வளவு, கோஸும் பிளாஸ்ரரும் யார் வாங்குவது என்று கேளுங்கள். இதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. ஒத்துவராத மருந்து இருந்தால் அதையும் சொல்லுங்கள். ஆஸ்பத்திரித் துண்டு, கிளினிக் கொப்பி, குடிக்கிற குளிசைகள் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும்.

அடுத்தது இடம். வெளிச்சமான அறை, காலை நீட்டி வைக்க ஒரு கதிரை, கை கழுவச் சவர்க்காரம், தோய்த்த துவாய் போதும். வீடு கூட்டுவதை வெள்ளெனவே முடித்துவிடுங்கள், தூசி அடங்க வேண்டும். கட்டு அவிழ்க்கும்போது ஃபானை நிறுத்துங்கள். வலிக்குளிசை எழுதித் தந்திருந்தால் அரை மணி முன்னரே கொடுங்கள்.

மருந்து கட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். முதல் நாள் பழைய கோஸ் புண்ணோடு ஒட்டிக் கிடந்தது. தாதி மிஸ் அதை இழுக்கவில்லை. சேலைன் என்ற உப்புநீரை மெல்ல ஊற்றி ஊறவிட்டு, ஓரத்திலிருந்து உரித்தார். “இழுத்தால் புதுசா வாற சதையும் சேர்ந்து வந்திடும் அம்மா” என்றார். அடியில் மாதுளை முத்துப் போலச் சிவந்து மினுங்கியது, அது ஆறுகிற சதை. கிழமைக்கு ஒருக்கால், பக்கத்தில் அடிமட்டம் வைத்து, தாதியிடம் கேட்டுப் படம் எடுங்கள். புண் சுருங்குகிறதா என்று வைத்தியருக்கும் காட்டலாம்.

அப்புறம் அடுத்த கட்டு வரை கை வைக்காதீர்கள். காற்றுப் பட்டால் காயும் என்று நான் ஒருநாள் அவிழ்த்து வைத்தேன், தவறு. வறண்டுபோன புண் ஆறப் பிந்தும், அளவான ஈரத்தில்தான் புதுச் சதை வளரும். ஸ்பிரிற், டெட்டோல், மஞ்சள் எதுவும் வேண்டாம். கட்டு நனைந்தாலோ கழன்றாலோ தாதிக்குச் சொல்லுங்கள். புண் உள்ள காலை ஊன்றி நடக்க விடாதீர்கள். கட்டியதெல்லாம் அதில் வீணாகிவிடும்.

கிரந்தி, அதாவது புண்ணுக்குக் கூடாத சாப்பாடு என்று முட்டையையும் மீனையும் நிறுத்துவது எங்கள் ஊர் வழக்கம். சதை வளரப் புரதம் வேண்டும். வைத்தியர் தடுத்தாலொழிய கொடுங்கள்.

சிவப்பு பரவினால், சீழோ நாற்றமோ வந்தால், விரல் கறுத்தால், காய்ச்சலோடு நடுங்கினால் தாதி வரும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் இலவசம்.

இரவில் மற்றக் காலையும் பாருங்கள், விரலிடுக்கு உட்பட. அம்மாவின் தலையணையடியில் சின்ன முகக்கண்ணாடி ஒன்று வைத்திருக்கிறேன். படுக்க முன் உள்ளங்காலை அவரே அதில் பார்ப்பார்.