ஊர்வனக் கூண்டுக்கு இரட்டை வெப்பக் கட்டுப்பாடு

வேலூரில் மார்கழிக் குளிரையும் 40 டிகிரி தாண்டும் கத்திரி வெயிலையும் ஒரே கூண்டு தாங்க வேண்டியிருப்பதால், லெப்பர்ட் கெக்கோ என்ற பல்லி வகையை வளர்ப்போர் சூடேற்றவும் வெப்பக் காற்றை வெளியேற்றவும் டபிள்யூ 1209 எனும் வெப்பக் கட்டுப்பாட்டு மின்சுற்றுப் பலகைகள் இரண்டைத் தனித்தனியே பொருத்துவது நல்லது. பலகைகள், வெப்பப் பாய், மின்விசிறி ஆகிய அனைத்தையும் 12 வோல்ட்டிலேயே வாங்கினால், பெட்டிக்குள் 230 வோல்ட் நுழையாது. இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். ஒவ்வொரு பலகையிலும் உள்ள ரிலே எனும் மின்விசையின் வழியாக அடாப்டரின் நேர்முனைக் கம்பியைச் செலுத்தி, ஃபியூஸ் வைக்கவும். பலகையின் ‘பி0’ எனும் அமைப்பில் பாய்க்கு ‘எச்’ (சூடேற்றல்), விசிறிக்கு ‘சி’ (குளிர்வித்தல்) எனத் தேர்ந்து, முறையே 32, 28 டிகிரி வைக்கவும்.

பாய்க்கான பலகையின் வெப்ப உணரியை, பாயின் மேலுள்ள தரையோட்டுக்கு அடியில் அசையாமல் ஒட்ட வேண்டும். அது கழன்று குளிர்ந்த பக்கம் விழுந்தால், பாய் அணையாமல் எரிந்து உயிரினத்தின் வயிற்றுத் தோலைச் சுட்டுவிடும். விசிறியின் உணரி குளிர்ந்த பக்கத்துக்கு உரியது. அறையின் வெப்பத்துக்குக் கீழே விசிறியால் குளிர்விக்க இயலாதாகையால், மே மாதத்தில் கூண்டை மேற்குச் சுவரிலிருந்து விலக்கி, தரைத்தள அறையில் வைக்கவும்.