நாற்பதை நெருங்கும் பெண்களின் உதிரப்போக்கு: இளம் மருத்துவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற வாரம் புறநோயாளிகள் பிரிவில் பயிற்சி மருத்துவர் ஒருவர், 38 வயதுப் பெண்ணிடம் “மாதவிடாய் நிற்கப்போகிற வயதுதானேம்மா” என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்ததைப் பார்த்தபோது, இருபது ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய சீட்டு ஒன்று நினைவுக்கு வந்தது.

வயதைக் காரணமாக்குவது

என்னிடம் வந்தவர் பனியன் கம்பெனித் தொழிலாளி; வயது 39. படியேறினால் மூச்சு வாங்குகிறது என்றார். உதிரப்போக்கைப் பற்றிக் கேட்டதற்கு “எப்பவும் போலத்தான்” என்று பதில் வந்தது, அதோடு விட்டுவிட்டேன். நான்கு மாதம் கழித்து அவரை ஆட்டோவில் தூக்கி வந்தபோது ஹீமோகுளோபின் 5 கிராமுக்கும் கீழே இருந்தது. கருப்பையின் உட்குழியில் துருத்திக்கொண்டிருந்த ஃபைப்ராய்டு என்னும் புற்றுநோயல்லாத தசைக் கட்டியை ஸ்கேன் காட்டியது. நாப்கினோடு துணியையும் மடித்து வைத்துக்கொண்டு தையல் மெஷினில் உட்கார்வது அவருக்குப் பல ஆண்டுப் பழக்கமாகியிருந்ததால், பெரும்பாடே, அதாவது அளவுக்கு மீறிய உதிரப்போக்கே, ‘எப்பவும் போல’ ஆகிவிட்டிருந்தது.

ஐந்து நிமிடக் கேள்விகளில் தவிர்க்கக்கூடிய தவறு என்பதாலேயே இது இன்றும் எனக்குக் கோபமூட்டுகிறது. இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் சராசரி வயது ஏறத்தாழ 46. 40க்கு முன்பே நின்றால் அதற்கே காரணம் தேட வேண்டும். ‘அதிகமாகப் போகிறதா?’ என்று கேட்காமல், ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின், இரவில் மாற்றுவதற்கு எழ வேண்டியிருக்கிறதா, கட்டி கட்டியாகப் போகிறதா, ஏழு நாளைத் தாண்டுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எல்லோருக்கும் தேவை. 40ஐக் கடந்தவருக்கும், அதற்கு முன்பே உடற்பருமனோ நீரிழிவோ உள்ளவருக்கும் கருப்பை உட்சவ்வைச் சிறிது எடுத்துத் திசுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், ஏனெனில் அங்கே புற்றுநோய் ஒளிந்திருந்தால் இரும்புச்சத்து மாத்திரை அதைக் காட்டிக்கொடுக்காது.

கர்ப்பமாக இருக்காது என்று எண்ணுவது

42 வயதானாலும் முதலில் சிறுநீர்ச் சோதனை.

அவசரமாகக் கருப்பையை எடுப்பது

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் ஏறத்தாழ 3 சதவீதத்தினர் கருப்பையை எடுத்துவிட்டவர்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சொன்ன காரணம் அதிக உதிரப்போக்கு அல்லது மாதவிடாய் வலி. உதிரப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமில மாத்திரையோ, ஹார்மோன் சுரக்கும் கருப்பை வளையமோ பொருந்துமா என்று பார்க்காமல் கத்தியை எடுக்காதீர்கள். நோயற்ற சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால், எலும்பும் இதயமும் அவை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் காப்பைப் பல ஆண்டுகள் முன்னதாகவே இழக்கின்றன.

கருப்பைவாய்ப் பரிசோதனையை மறப்பது

கருப்பைவாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் இந்தப் பரிசோதனை 30 வயதிலிருந்தே தேவை. உதிரப்போக்கு இல்லாத நாளாக இருந்தால் அன்றே செய்துவிடுங்கள். மீண்டும் வரச் சொன்னால் அவருக்கு இன்னொரு நாள் கூலி போய்விடும்.